பழவண்டி வரும்வரை

பழவண்டி இன்னும் வரவில்லை. இடைவேளை முடிந்து, கேண்டீன் பக்கத்துக் கதவை யாரோ முழங்காலால் இடித்துச் சாத்தி, முத்துமாலை தியேட்டரின் மின்விசிறிகள் விட்ட இடத்திலிருந்து மறுபடி கடகடவென்று புரணி பேச ஆரம்பித்து, திரையில் கதாநாயகியின் சிவப்புக் குடையும் விரிந்தாகிவிட்டது, வண்டியைத்தான் காணோம். வராமல் போகாது. சைலப்பனுக்குத் தெரியும். பதினாறு வயதுக்குள் இந்த மாதிரிப் படம் எத்தனை பார்த்திருப்பான். சண்டை இருக்கும், ரத்தம் இருக்காது, புதையல் இருக்கும், அதைத் தேடிப் போகிற இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்ணில் கண்டால் ஆகாது, ஆகாத இரண்டு பேரும் ஒரே கயிற்றில் தொங்க வேண்டிவரும், அப்புறம் துரத்தல். துரத்தல் என்றால் சந்து. சந்து என்றால் வளைவு. வளைவில் ஒரு பழவண்டி நிற்கும், நின்றால் கவிழும், கவிழ்ந்தால் பழம் உருளும், பழம் உருண்டால் அம்மா எழுந்து போய்விடுவாள். அதுவரைக்கும்தான் எல்லாம். அம்மா அவனுக்கு வலதுபக்கம் ஓர் இருக்கை விட்டு அடுத்த இருக்கையில் இருந்தாள். நடு இருக்கையில் அவளுடைய மஞ்சள் துணிப்பை மதில்சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. தள்ளி உட்கார் என்று அவள் சொல்லவில்லை. பையை வைத்தாள், அவ்வளவுதான். ஒன்பது நாளாக அவனோடு பேச்சு இல்லை, பேசாமலே சொல்வதில் தேர்ந்துவிட்டாள். சொல்லியே ஆகவேண்டியதைக் குக்கரிடம் சொல்வாள். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுதுன்னு சில பேருக்குத் தெரியாதோ?" குக்கர் விசிலடிக்கும். அப்பாவிடம், "ஒங்க மவன்கிட்டச் சொல்லுங்க, தோசை ஆறுது" என்பாள். அப்பா மூன்றடி தள்ளி நிற்கிற அவனிடம் திரும்பி, தந்தி கொண்டுவந்த ஆள் மாதிரி, "தோசை ஆறுதாம்" என்பார். இன்றைக்குக் காலையிலும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்: "மேட்னிக்குப் போறேன். வாரவன் வரலாம்." சுவர் வரவில்லை. சைலப்பன் வந்தான்.

திரையில் படகு. கதாநாயகனுடைய படகு, மூன்று உதை வாங்கி, பிறகு தடவிக்கொடுத்து, "என் ராசாத்தில்ல, என் தங்கம்ல" என்று கொஞ்சினால்தான் கிளம்பும். கதாநாயகி அதைக் கொஞ்ச மாட்டேன் என்கிறாள், ஒரு இரும்பை எப்படிக் கொஞ்சுவது என்கிறாள், பின்னால் வில்லனுடைய ஆட்கள் வருகிறார்கள், அவளுடைய சிவப்புக் குடையின் உள்துணியில்தான் புதையல் தீவின் வரைபடம் தைத்திருக்கிறது, இது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, அவன் மழைக்கு அந்தக் குடையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்கள் கைக்கு ஒரு காப்பு போடலாம். அதிலும் அந்த வில்லன். வெள்ளைக் கோட்டு, வெள்ளை ஷூ, தங்கப் பிடிபோட்ட தடி, எல்லாம் இருக்கிறது, ஆனால் மனுசனுக்குப் பல்வலி. "அவங்களை உயிரோட புடிச்சிட்டு வாங்கடா" என்று கர்ஜிக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறான், கர்ஜனை பாதியில் முனகலாகிவிடுகிறது. உவிவோட புவிச்சிட்டு வாங்கவா. சைலப்பனுடைய நாக்கு தானாகக் கடைவாய்ப் பக்கம் ஒதுங்கி அந்தக் குரலை ருசி பார்த்தது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மூச்சை மட்டும் மற்ற கன்னத்தால் விட்டால் அப்படியே வரும். நாளைக்குக் கணக்கு வகுப்பில் செய்தால் பெஞ்ச் பெஞ்சாகச் சாய்வான்கள். இந்த நினைப்பில் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டான் போலிருக்கிறது. முன்வரிசையில் ஹெல்மெட்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்த ஆள் திரும்பி முறைத்தார். இடைவேளைக்கு முன்னாலும் அவர் இரண்டு தரம் முறைத்தவர்தான். சைலப்பன் அம்மாவைப் பார்த்தான். கடல் நீலம் அவள் கன்னத்தில் அலைந்துகொண்டிருந்தது. சிரிக்கிறாளா? மூக்குத்தி ஒருதரம் மின்னியது. அது படகு வெளிச்சம். மூக்குத்தி மின்னுவதற்கெல்லாம் சிரிப்பென்று கணக்கு வைத்தால் இதுவரை நாற்பது தரம் சிரித்திருக்கிறாள்.

இந்தப் படங்களை அவனுக்குக் காட்டியது சங்கிலி மாமாதான். அம்மாவின் தம்பி. குற்றாலத்தில் சீசன் என்றால் மங்குஸ்தான், ரம்புட்டான், சீசன் முடிந்தால் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கொய்யா, மாதுளை, எப்போதும் ஒரே தள்ளுவண்டி, பிடியில் ஒரு சைக்கிள் மணி. காதல் பண்ணிக்கொண்டே புதையல் தேடுகிற படம் வந்தால் வெள்ளிக்கிழமை பகல் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்று மணியடிப்பார். அக்காளும் தம்பியும் போவார்கள், பள்ளிக்கூடம் லீவென்றால் சைலப்பன் வாலாகப் போவான். மற்றப் படங்களுக்கு மாமா வரமாட்டார். "அழுவதுக்கு எதுக்குலே டிக்கெட்டு? வீட்டுல உக்காந்து அழுதாப் போச்சு" என்பார். "இந்தப் படம் பாரு. ஒருத்தனும் சாவ மாட்டான். பாலத்துல இருந்து விழுவான், கீழ வைக்கோல் லாரி நிக்கும். லாரி இல்லியா, ஆறு இருக்கும். ஆறும் இல்லைன்னா பொம்பளப் புள்ள கையப் பிடிச்சிருக்கும். அந்த உத்தரவாதத்துக்குத்தாம்லே நம்ம வாரது." எவ்வளவு சரி. சட்டை கிழியும், தலை கலையாது. துப்பாக்கி எடுத்தவனுக்குத் தும்மல் வரும். கெட்டவன்கூடக் கடைசியில் சாணிக்குழியில்தான் விழுவான், எழுந்து வந்து போலீஸ் வண்டியில் ஏறுவான். ஊரே நல்லாயிருக்கும், ஒரே ஒரு ஆளைத் தவிர. அது பழவண்டிக்காரன். அதுதான் மாமாவுக்குப் பொறுக்காது. இந்த உலகத்தில் எல்லோருக்கும் வைக்கோல் லாரி நிறுத்திவைத்தவர்கள் அவனுக்கு மட்டும் ஒன்றும் நிறுத்தவில்லை. வண்டி கவிழ்ந்ததும் மாமா எழுந்து நின்றுவிடுவார். கை இரண்டையும் திரைக்கு நேராக நீட்டி, கொட்டகை முழுக்கக் கேட்க, "ஏலே கோட்டிக்காரா! லவ்வு பண்ணுறது நீங்க ரெண்டு பேரு, கவுந்து போறது அவன் வண்டியாலே?" என்பார். கொட்டகை அதிரும். சில பேர் அதற்காகவே மாமா எந்தக் காட்சிக்கு வருகிறார் என்று விசாரித்துக்கொண்டு வந்ததாகக்கூடச் சொல்வார்கள். அம்மா சேலை முந்தியை வாயில் அடைத்துக்கொண்டு, "உக்காருல, மானத்த வாங்காத, உக்காருல" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு முழுப்படமும் நடக்கும். மாமா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், சண்டையிலிருந்து கடைசி முத்தம் வரைக்கும். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "இதுக்குத் தியேட்டர்காரனே தேவலை, நடுவுல இடைவேளை விடுவான்" என்பார். சைலப்பனுக்கு அந்தச் சத்தம்தான் நினைவிருக்கிறது. யார் யாருடைய குரலில் யார் சொன்னார்கள் என்று அப்போது பிரித்துப் பார்த்ததில்லை.

ஆனி மாதம், நல்ல சாரல், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் மாமாவுக்கு மார்வலி வந்தது. வண்டியை ஓரமாகத் தள்ளி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பழத்தின்மேல் தார்ப்பாய் இழுத்து நான்கு மூலையும் கட்டிவிட்டுத்தான் சாய்ந்தார் என்று பக்கத்து வண்டிக்காரர் சொன்னார். ஒரு பழம் உருளவில்லை. அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள், நாலு மூலையுமா, நாலு மூலையுமா என்று. மாமா போய் நான்கு மாதமாகிவிட்டது. அதற்கிடையில்தான் சைலப்பனுக்குத் தொண்டை உடைந்தது. தலைமையாசிரியர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், "செங்கோட்டை செங்கோட்டை செங்கோட்டை" என்கிற கண்டக்டர், எதிர்வீட்டு டீச்சர், அவர்கள் வீட்டு நாய், அவன் பேசிக்காட்டுகிற எல்லாக் குரலும் ஒரு வாரம் காணாமல் போய், பிறகு ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பி வந்தன. ஒருநாள் குளியலறையில் சோப்பு வழுக்கிக் காலில் விழுந்து, "ஏலே" என்று கத்தினான். வாளி திருப்பிச் சொன்னது மாமாவின் குரல். அவன் செய்யவேயில்லை, தானாக வந்தது. ஈரத்தோடு நின்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். உடம்பெல்லாம் ஒரு குஷி. மாமா எங்கேயும் போகவில்லை, இதோ தொண்டையில் இருக்கிறார், அம்மாவிடம் காட்ட வேண்டும், அம்மா சிரிப்பாள், நான்கு மாதமாகச் சிரிக்காத அம்மா சிரிப்பாள், சேலை முந்தியை வாயில் அடைத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை பகல், லீவு. வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, தன் சைக்கிள் மணியை இரண்டு அடி அடித்து, "யக்கா! மேட்னிக்கு பெல்லு அடிச்சிட்டான், இன்னும் கிளம்பலியா?" என்றான். உள்ளேயிருந்து உடனே, ஒரு மூச்சுகூடத் தாமதிக்காமல், "இருல, சேலைய மாத்திட்டு வாரேன்" என்று பதில் வந்தது. எவ்வளவு சாதாரணமான குரல். கொஞ்சம் எரிச்சல்கூட. இருல. கொலுசுச் சத்தம் நடந்தது. பீரோக் கதவு கிறீச்சென்று திறந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சைலப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், சிரிப்பு வருகிறது, இதோ வருகிறது என்று. பீரோக் கதவு சாத்துகிற சத்தம் வரவேயில்லை. அன்றைக்குச் சாயங்காலம்வரை அந்தக் கதவு திறந்தேதான் கிடந்தது.

இருல, சேலைய மாத்திட்டு வாரேன். ஒன்பது நாளாக இந்த வாக்கியத்தில்தான் அவன் குடியிருக்கிறான். எங்கே போனாலும் திரும்பி வந்து அதன் வாசலில்தான் நிற்கிறான். இப்போதுகூடப் பாருங்கள், திரையில் நீர்வீழ்ச்சி, இரண்டு பேரும் ஒரே கயிற்றில் தொங்கியபடி யார் குறட்டை விட்டது என்று சண்டை போடுகிறார்கள், கயிறு இழை இழையாக அறுகிறது, கொட்டகையே விழுந்து விழுந்து சிரிக்கிறது, அவனுக்கும் சிரிப்பு வருகிறது, வந்து பாதித் தொண்டையில் அந்த பீரோக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஒரு வார்த்தைதானே. பையைத் தாண்டிச் சாய்ந்து, அம்மா, தெரியாம பண்ணிட்டேன். மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். தலைமையாசிரியர் சொன்னார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. அழித்துவிட்டு இன்னொரு தரம். ரேஷன் கடை அண்ணாச்சி சொன்னார், அடுத்த வாரம் வாங்க என்று சேர்த்துச் சொன்னார். வானிலை வாசிக்கிற பெண் சொன்னாள், தென்காசி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மன்னிப்புப் பெய்யக்கூடும். பல்வலி வில்லன் சொன்னான், தெவியாம பண்ணித்தேன். எத்தனை குரல் இருக்கிறது, வரிசை கட்டி நிற்கிறது, இந்த ஒரு வார்த்தைக்குச் சொந்தமாக ஒன்றைக் காணோம். தேடிப் போனால் அடியில் மாமாவின் குரல்தான் கிடக்கிறது. அதை வைத்து எப்படிக் கேட்பது. இன்றைக்கு அவள் எதற்கு வந்தாள்? கட்டியிருப்பது பச்சைச் சேலை, மேட்னிச் சேலை, அதை அவள் பீரோவிலிருந்து எடுத்திருக்கிறாள். சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், சேலையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். மாமாவோடு வந்திருக்கிறாளோ? பை இருக்கிற இருக்கை அவருக்கோ? வண்டி கவிழ்ந்ததும் யாரும் எழுந்து நிற்காத அந்த இடத்தைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு இருட்டில் படியிறங்கிப் போய்விடுவாள், அதற்கப்புறம் குக்கரிடம்கூடப் பேச மாட்டாள். கடவுளே, இந்தப் படத்தை எடுத்தவன் மூளைக்காரன், படகைக் கொஞ்ச வைத்தவன், வில்லனுக்குப் பல்வலி கொடுத்தவன், அவன் ஊரில் எல்லாரும் பாட்டில் கடை, பாத்திரக் கடை, பஞ்சுமிட்டாய் எதையாவது வைத்திருக்கட்டும். பழம் வேண்டாம்.

கயிறு அறுந்தது. குடை விரிந்தது. இரண்டு பேரும் அந்தச் சிவப்புக் குடையில் தொங்கி மெல்ல மெல்லப் பறந்து இறங்கினார்கள், இறங்கும்போது அவன் அண்ணாந்து உள்துணியைப் பார்த்துவிட்டான், வரைபடம். அவள் அவன் கண்ணைப் பொத்தினாள், ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறு கையால் பொத்தினாள், பிறகு அந்தக் கையை எடுக்க மறந்துபோனாள். ஒரு வசனம் இல்லை. சைலப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை குரல் தெரிந்தும் இந்த இடத்துக்குப் போட அவனிடம் ஒன்றும் இல்லை, அது எவ்வளவு நன்றாக இருக்கிறது. இதுதான், மாமா சொல்கிற உத்தரவாதம் இதுதான் என்று நினைக்கும்போதே, குடை போய் இறங்கியது துறைமுகத்து மார்க்கெட்டில். வெற்றிலைக் கடை. மீன்கூடை. பானைகள். சட்டென்று ஒரு ஐஸ் வண்டியை, மூன்று சக்கர சைக்கிளை, இரண்டு பேருமாக ஏறி மிதிக்கிறார்கள், பின்னால் வில்லனின் ஜீப், ஐஸ் வண்டி மணி கிணிகிணிவென்று அடிக்கிறது, சந்து, சைலப்பன் இருக்கையின் கையைப் பிடித்தான், இன்னொரு சந்து, வளைவு, நின்றது. பழவண்டி. மாதுளையும் மாம்பழமும் கோபுரமாக அடுக்கி, பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு மனுசன், கையில் ஒரு பழத்தைத் துடைத்துக்கொண்டு. ஐஸ் வண்டி நேராக அதைப் பார்த்துப் போகிறது. கதாநாயகி கத்துகிறாள். கதாநாயகன் கைப்பிடியை ஒடிக்கிறான், ஒற்றைச் சக்கரம் சாக்கடை விளிம்பில் ஏற, ஐஸ் வண்டி பழவண்டியை ஒரு மயிரிழையில் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கோபுரம் ஆடியது. ஆடி, நின்றது. ஒரு பழம் விழவில்லை. கொட்டகையே "ஆ" என்றது. வண்டிக்காரன் மெதுவாக மூச்சை விட்டு, துடைத்த பழத்தைக் கோபுர உச்சியில் வைத்தான். சைலப்பனும் மூச்சை விட்டான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மகராசன் எடுத்திருக்கிறான் படம், மகராசன். அப்போதுதான் ஜீப் வந்தது.

மாதுளை பறந்தது, மாம்பழம் பறந்தது, வில்லனுடைய வலிக்கிற கன்னத்திலேயே ஒன்று போய் அடித்தது. கொட்டகை வெடித்த சிரிப்பில் சைலப்பன் மட்டும் குனிந்து தன் காலைப் பார்த்தான். இப்போது எழுந்திருப்பாள். பை நகர்கிற சத்தம் கேட்கும். அதற்குப் பதிலாக, அவனுக்கு வலதுகைப் பக்கத்திலிருந்து ஒரு சப்புக்கொட்டல் கேட்டது, ஈரமாக, பல்லுக்குப் பின்னாலிருந்து, ப்ச் என்று. அதை அவன் மறந்தே போயிருந்தான். அதற்குப் பின்னால் அந்தக் குரல் எழுந்தது, கனத்து, சற்றே மூக்கில் ஏறி, இருபது வருசப் பீடியும் சாரல் ஈரமும் சேர்ந்து, கொட்டகையின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்புகிற குரல்.

"ப்ச்... ஏலே கோட்டிக்காரா! லவ்வு பண்ணுறது அவுக ரெண்டு பேரு, பல்லு வலிக்கிறது ஒனக்கு, கவுந்து போறது அவன் வண்டியாலே?"

 மூலைக்கு மூலை சிரிப்பு. பின்னாலிருந்து யாரோ, "அட, நம்ம மங்குஸ்தான் அண்ணாச்சில்லா!" என்று கத்தி, கத்திய பிறகு என்னவோ நினைவு வந்தாற்போல் நிறுத்திக்கொண்டார். ஹெல்மெட் ஆள் இடுப்புவரை திரும்பிவிட்டார். திரும்பிய இடத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கையை மடியில் கோத்து, கோயிலில் உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவர் பார்வை பையைத் தாண்டி வந்து சைலப்பன்மேல் நின்றது.

"ஏன்டே, படிக்கிற பயதானே நீ? மூணு மணி நேரம் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

"நான் இல்ல..." என்றான் சைலப்பன். அவனுக்கே கேட்கவில்லை.

"கோவிச்சுக்கிடாதீங்கண்ணே" என்றாள் அம்மா, தேன் ஒழுகுகிற குரலில், எதிர்வீட்டு டீச்சர் பெற்றோர்களிடம் பேசுகிற அதே குரல். "எங்க வீட்டுப் பயதான். வாய் ஒரு எடத்துல நிக்காது. யாரு குரலக் கேட்டாலும் அப்படியே எடுத்துக்கிடுவான். வீட்டுக்குப் போயி ரெண்டு வைக்கேன்."

"வைங்க" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

சைலப்பன் அம்மா பக்கம் திரும்பினான். அம்மாவின் தோள் குலுங்கியது. முந்தி எப்போது வாய்க்குப் போனது என்று தெரியவில்லை, முக்கால் முந்தியும் உள்ளே போயிருந்தது. கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. அழுகையா சிரிப்பா என்று இருட்டில் அவனால் சொல்ல முடியவில்லை. அவளாலும் முடிந்திருக்குமா தெரியாது. திரையில் வண்டிக்காரன் குனிந்து உருண்ட பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு, கடைசிப் பழம்வரைக்கும் காத்திருந்து, நடு இருக்கையிலிருந்த மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சைலப்பன் நகர்ந்து உட்கார்ந்தான். இருக்கை சில்லென்றிருந்தது.

"அன்னைக்கி நீ சப்புக்கொட்டாம ஆரம்பிச்சிட்ட" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் சொந்தக் குரலில். "சங்கிலி அது இல்லாம வாயத் தொறக்க மாட்டான். பீரோவத் தொறந்த பெறவுதான் எனக்கு அது ஒறைச்சிச்சி."

"தெரியாம பண்ணிட்டேம்மா" என்றான். யாருடைய குரலில் சொன்னோம் என்று பார்க்க மறந்துபோனான்.

"செய்யி பாப்போம்."

"இப்பமா?"

"மெதுவா. அந்த ஹெல்மெட்டுக்குக் கேக்காம."

"ப்ச்" என்றான்.

"அது பல்லி" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் பல்லுக்குப் பின்னால."